இடைசெவல் சாவும் லண்டன் இசைத்தட்டும்

கழுகுமலை முருகன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. நடந்தபோது நான் அந்த வீட்டு வாசலில்தான் நின்றேன்.

1979, மே மாதம், சனிக்கிழமை. பிற்பகல் மணி 1.45. கோவில்பட்டியில் கொம்பையா தன் வீட்டு முன்னறைப் பூட்டைத் திறந்தான். கிராமபோன் இருந்தது. அதன்மேல் இருந்த இசைத்தட்டு இல்லை.

கொம்பையா பேண்டு செட்டு வைத்திருந்தான். அவன் கிளாரினெட், சுடலைமாடன் கார்னெட், தவசி டிரம். இருபது வருஷமாகச் சாவுக்கு மட்டும்தான் அழைப்பு. கல்யாண வீட்டுக்காரர்கள் அவனைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள்.

தை மாதம் ஒரு பழைய பங்களா ஏலத்தில் அந்தப் பெட்டியும் ஒரே ஒரு தட்டும் கிடைத்தன. 1931இல் லண்டன் ஓட்டலில் வெள்ளைக்காரர்கள் ஜோடி ஜோடியாக ஆடுவதற்கு வாசித்த டான்ஸ் பேண்டு. அதைத் தானும் அப்படியே வாசித்தால் தன்மேல் ஒட்டிய சாவு போய்விடும் என்று கொம்பையா நம்பினான். திங்கட்கிழமை விளாத்திகுளத்தில் மிளகாய் வியாபாரி வீட்டுக் கல்யாணம். ஒரே ஒரு தடவை வாசித்துக்காட்டச் சம்மதித்திருந்தார். பாட்டில் பாதிதான் மனப்பாடம். மீதி தட்டில் இருந்தது.

மணி 2.30. ஏட்டு செண்பகராஜ் சைக்கிளில் வந்தார். சிரிக்கமாட்டார், கோபப்படவும் மாட்டார். தன் கல்யாணத்தன்றும் அப்படித்தான் இருந்தாராம்.

"கடேசியா எப்பப் பாத்தே?"

"பத்தரைக்குங்க. இடைசெவல் சாவு முடிஞ்சு நேரா வந்து தட்டைப் போட்டுக் கேட்டோம். பொறவு பூட்டிட்டு பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனோம். கரண்டு ஒரு மணிக்குத்தான் வந்துது."

"குளிக்காமயா தட்டைத் தொட்டே?"

"அவசரம்."

"சாவி?"

"வெளக்கு மாடத்துல."

பூட்டு உடையவில்லை. ஏட்டு திரும்பினார்.

"தவசி, பம்புசெட்டுலேருந்து நீ மட்டும் முன்னாலயே வந்துட்டியாமே?"

"டீ குடிக்க வந்தேன். அதை எடுத்து நான் என்ன செய்ய? அதுல சோறு போட்டுத் திங்கவா முடியும்?"

"இவன் வேற செட்டுக்குப் போகப் பாக்குதான்" என்றான் கொம்பையா.

"ஆமா அண்ணாச்சி. உங்க கூட இருந்தா பொணம் எந்திரிச்சுத்தான் கைதட்டணும்."

கொம்பையாவின் மனைவி வேலுத்தாய் மோர் கொண்டுவந்தாள். முற்றத்துக் கொடியில் மூன்று சட்டை, டிரம்மைச் சுற்றும் துணி, கார்னெட் பை, எல்லாம் காய்ந்தன. மச்சில் மிதுக்கு வத்தல் காய்ந்தது. கீழே ஒரு கோழி கறுப்புச் சட்டியில் தண்ணீர் குடித்தது.

"எல்லாத்தையும் நனைச்சிட்டே போல?" என்றார் ஏட்டு.

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா நனைக்காம இருக்க முடியுமா?"

ஏட்டு மோரைக் குடித்து முடித்தார். குந்தி உட்கார்ந்து கோழியை விரட்டினார். சட்டியைக் கவிழ்த்து அடியில் விரல் வைத்தார். மணி 3.05.

"வேலுத்தாய், எடுத்தது நீதான்."

ஏட்டு சட்டியை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார்.

"தொட்டது எல்லாம் நனைஞ்சிருக்கு. தட்டையும் தீட்டோடதான் தொட்டிருக்காவ. அதை மட்டும் நீ விட்டிருக்க மாட்டே. உலகத்துல ஓட்டைச் சட்டி உண்டு. நட்ட நடுவுல அளவெடுத்து ஓட்டை போட்ட சட்டி கிடையாது. ஓட்டையில மெழுகு இருக்கு."

வேலுத்தாய் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "தீட்டுத் தட்டைக் கேட்டுட்டுக் கல்யாணத்துல எப்படி வாசிக்க? மஞ்சத்தண்ணியில கழுவி, மச்சில குடத்தைக் கவுத்தி, அதும்மேல காய வெச்சேன். வத்தலைப் பொரட்டிட்டு வந்து பாக்கேன், சட்டியாயிட்டு. இவியளுக்கு என்ன பதில் சொல்லன்னு தெரியாம கோழிக்கு வெச்சேன்."

"அரக்குல செஞ்சது. வெயில்ல வளைஞ்சிட்டு" என்றார் ஏட்டு. நோட்டில் 'திருட்டு இல்லை' என்று எழுதிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

கொம்பையா அழவில்லை, திட்டவில்லை. மெழுகைத் தோண்டினான். சட்டியைத் துடைத்துக் கிராமபோனில் ஏற்றினான். ஊசி கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலை மாடு மாதிரி இறங்கி ஏறியது. பாட்டும் கிணற்றுக்குள் போய்ப் போய் வெளியே வந்தது. அப்படியே பாடம் செய்தார்கள்.

திங்கள் காலை மணி 9.20க்கு விளாத்திகுளத்தில் வாசிக்க ஆரம்பித்தார்கள். நான்காவது நிமிஷம் மாப்பிள்ளையின் அத்தை பந்தி இலையை விட்டு எழுந்து அழுதாள். பிறகு சம்பந்திகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, ஜோடி ஜோடியாக, தாளம் தப்பாமல் அசைந்து அழுதார்கள். மிளகாய் வியாபாரி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். ஆவணிக்குள் கொம்பையாவுக்குப் பதினொரு கல்யாணம். சாவுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை.

அந்த வாசிப்பு எப்படித்தான் இருந்தது என்று இன்றும் என்னிடம் எழுதிக் காட்டிக் கேட்கிறார்கள். இதெல்லாம் நடப்பதற்கு முன்பே, எட்டு வயதில் வந்த காய்ச்சலில் எனக்கு இரண்டு காதும் போய்விட்டன.