ஆறாம் பெட்டியின் எண்ணிக்கை

கம்ப்யூட்டரை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கிய பிறகும், அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வரும் ஒயர்களைச் செருகும் சீரியல் கார்டில் இருந்த எட்டு விளக்குகளில் ஆறாவது. அவள் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக் குனிந்து பார்த்தாள். மங்கலாக, தூங்குகிறவனின் மார்பைப்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் மின்சாரம் இல்லாமல் எரிகிற விளக்கைக் கண்டு கையை இழுத்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கோ அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒயரின் அந்த முனையில் பேட்டரி இன்னும் சாகவில்லை. அந்த முனையில்தான் அவள் தம்பி இருந்தான்.

மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோவதற்கான சுரங்கம் அது. உள்ளே சுவரோரமாக ஆறு அளவுப் பெட்டிகள். முதல் பெட்டி சுரங்க வாயிலில், அவள் உட்கார்ந்திருந்த தகரக் கொட்டகையின் வாசல் நிலையிலேயே. ஆறாவது, குடைகிற வேலை நடக்கும் கடைசி முனையில். பெட்டிகள் தாம் இருக்குமிடத்தின் வெப்பத்தைத் தாமாகவே அனுப்பும். அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை மட்டும் ஆட்கள் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். நேற்றுக் காலை நான்காம் பெட்டிக்கும் ஐந்தாம் பெட்டிக்கும் நடுவே கூரை சரிந்து வழியை அடைத்துக்கொண்டது. அந்தப் பக்கம் ஆறு பேர். அதே அதிர்ச்சியில் கொட்டகைக் கூரையும் பிய்ந்து, தேங்கியிருந்த மழைத்தண்ணீர் முழுக்கக் கண்காணிப்புக் கம்ப்யூட்டரின் தலையில் கொட்டியது. கம்ப்யூட்டர் போய்விட்டது. அதற்குள் இருந்த சீரியல் கார்டு மட்டும் பிழைத்தது.

மாற்றாகக் கிடைத்தது, ஆபீசில் கடிதம் அடிப்பதற்கு வைத்திருந்த அசெம்பிள்டு கம்ப்யூட்டர். பெரிய கம்பெனி மெஷினைப் பார்த்து ஏதோ ஒரு கடையில் கூட்டிக்கட்டிய நகல். பழைய கார்டை அது ஏற்றுக்கொள்ளவே இல்லை. செருகினால் பாதியில் உறைந்துபோகும். கழற்றினால் ஒழுங்காக ஓடும். நேற்று மாலையிலிருந்து அவள் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். கார்டின் ஓரத்தில் இருந்த, ஜம்பர் எனும் கடுகளவு செருகிகளைப் புருவம் திருத்தும் இடுக்கியால் எடுத்து எடுத்து மாற்றிச் செருகியதில் விரல்நுனி மரத்துப்போயிருந்தது.

வாக்கிடாக்கி கரகரத்தது. மலைக்கு மேலே துளைபோடும் இயந்திரத்தோடு நின்ற எஞ்சினியர்.

"என்னம்மா, ஏதாவது தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல சார். ஆனா ஆறாவது லைன்ல உயிர் இருக்கு."

"அஞ்சாம் பெட்டிகிட்ட இருக்காங்களா, ஆறாம் பெட்டிகிட்ட இருக்காங்களா, அத மட்டும் சொல்லு. ஒரு துளைதான் போட முடியும். நாலு மணிக்கு நான் கண்ண மூடிக்கிட்டு ஏதாவது ஒண்ணுல ஆரம்பிச்சிருவேன்."

மணி மூன்றேகால். இருந்த ஆட்கள் அத்தனை பேரும் மேலே போயிருந்தார்கள். கொட்டகையில் ஈரச் சிமென்ட்டும் டீசலும் கலந்த வாடை. மழை தகரத்தில் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. கதவு இடுக்கின் வழியே சுரங்கத்தின் வாய், பகல் வெளிச்சத்திலும் பத்தடிக்கு மேல் ஒன்றும் காட்டாமல், திறந்து கிடந்தது. தம்பிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். "இருட்டுன்னா எனக்கு ஆகாதுக்கா" என்று அவன் சொன்னபோது, "கல்யாணம் பண்ணிக்கிற வயசுல இருட்டாம்" என்று சிரித்தவளும் அவள்தான்.

அவள் மவுஸுக்கான கார்டைப் பிடுங்கிப் போட்டாள். கம்ப்யூட்டரைக் கூப்பிட அது வைத்திருந்த எண்ணைச் சீரியல் கார்டுக்குக் கொடுத்தாள். பிளக்கைச் செருகி இயக்கினாள். திரை ஒளிர்ந்தது, விளக்குக்கு ஒன்றாக எட்டு வரிகள் தெரிந்தன, உறைந்தது. மறுபடி. உறைந்தது. மறுபடி. அவள் மேஜையில் நெற்றியை வைத்து, அழக்கூடத் தெம்பில்லாமல், கண்ணுக்கு நேரே இருந்த சதுரப் பொத்தானைப் பார்த்தாள். டர்போ. இந்த நகல் மெஷின் பழையதைவிட வேகமாக ஓடுகிறது. கார்டு கிழம். அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பொத்தானை அழுத்தி வேகத்தைக் குறைத்தாள். இயக்கினாள்.

எட்டு வரிகளும் உறையாமல் நின்றன. ஆறாவது வரி துடித்தது.

வெப்பம் 31. ஆட்கள் 6.

"சார், ஆறாம் பெட்டி. ஆறு பேரும் இருக்காங்க சார். ஆறு பேரும்."

எதிர்முனையில் யாரோ சத்தம்போட்டு அழுவது கேட்டது. எஞ்சினியர் மட்டும் நிதானமாக இருந்தார். "நகல் மெஷின்ல அந்தக் கார்டு பொய் சொல்லும்மா. நான் பார்த்திருக்கேன். உள்ள தங்கிப்போன பழைய நம்பரயே திருப்பித் திருப்பிக் காட்டும். நேத்து காலைல அனுப்பினதா இருந்தா? மணி அடிச்சுப் பாரு."

இங்கிருந்து பெட்டியில் மணி ஒலிக்கச் செய்யலாம், கேட்டவர் புதிதாக எண்ணை அழுத்துவார். அவள் அடித்தாள். மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு நிமிடம். இரண்டு. வரி மாறியது.

ஆட்கள் 44.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே வேலை மந்தமான நாட்களில் தம்பி இந்த எண்ணை அனுப்புவான். ஆள் கணக்கில் சேராத எண். அக்கா, போர் அடிக்குது என்று அர்த்தம்.

"அவனேதான் சார். ஆறாம் பெட்டிலயே போடுங்க."

மேலே இயந்திரம் உறுமத் தொடங்கியது. தரை வழியாக அந்த அதிர்வு நாற்காலிக்கு ஏறியது. அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எண் மறுபடி ஆறுக்குத் திரும்பியது. வெப்பம் 29. பிறகு 24. பிறகு 17. கார்டு உளறுகிறது என்று நினைத்தாள். ஐந்தரைக்கு ஆறாவது வரியில் ஆட்களின் எண் பூஜ்யம் ஆனது. அடுத்த கணம் ஐந்தாவது வரி எழுந்தது.

வெப்பம் 12. ஆட்கள் 6.

நகர்ந்திருக்கிறார்கள். மேலே துளைக்கிற சத்தம் கேட்டு ஒதுங்கியிருப்பார்கள். அதைச் சொல்ல வாக்கிடாக்கியை எடுத்தபோது ஐந்தாவது வரி அணைந்து, நான்காவது எழுந்தது. ஆட்கள் 6.

நான்காம் பெட்டி சரிவுக்கு இந்தப் பக்கம்.

அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி விழுந்தது. வந்துவிட்டார்கள். எப்படியோ சந்து கண்டுபிடித்து, ஒல்லிக்குச்சியான தம்பியை முன்னால் விட்டு, ஊர்ந்து வந்துவிட்டார்கள். "சார், அவங்க வெளிய வந்துட்டாங்க. நாலாம் பெட்டி. நடந்து வர்றாங்க சார். மேல நிறுத்திட்டு எல்லாரும் கீழ வாங்க."

இயந்திரத்தின் உறுமல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

"சார்?"

"உட்காரும்மா." அவர் குரல் அவருடையதாகவே இல்லை. "துளை போய்ச் சேர்ந்திருச்சு. கேமரா இறக்கிப் பார்த்தோம்."

"அங்க இருக்க மாட்டாங்க சார். வெளிய வந்துட்டாங்க."

"ஆறு பேரும் அங்கதான் இருக்காங்க. தண்ணி கூரை வரைக்கும் நிக்குது. உயிர் நேத்தே போயிருக்கணும். அந்த அளவுப் பெட்டியே தண்ணிக்குள்ளதாம்மா இருக்கு."

அவள் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"தம்பிய நானே பார்த்தேன். ஒரு கை பெட்டிமேல இருக்கு." அவர் மூச்சை இழுத்தார். "நீ தனியா இருக்காதே. ஆள் அனுப்புறேன். கீழ வர அரைமணி ஆகும்."

மூன்றாவது வரி எழுந்தது.

வெப்பம் 7. ஆட்கள் 6.

பழைய எண். உள்ளே தங்கிப்போன எண். நகல் மெஷின், கிழக் கார்டு, பொருந்தாத இரண்டு. அவர் சொன்னாரே. அவள் கம்ப்யூட்டரின் பின்பக்கம் கையை விட்டு மூன்றாவது ஒயரின் தலையைப் பிடித்து இழுத்தாள். வழுக்கியது. ஒயர் முழுக்க ஈரம். பிடுங்கி எறிந்தாள். மூன்றாவது வரி அப்படியே நின்றது. சற்று நேரம் கழித்து, அவசரமே இல்லாமல், பூஜ்யம் ஆனது.

இரண்டாவது வரி.

வெப்பம் 4. ஆட்கள் 6.

எல்லா ஒயர்களையும் பிடுங்கினாள். இரண்டு கையாலும். நகம் பிய்ந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. கொட்டகை இருண்டது. கதவு இடுக்கில் மட்டும் சாம்பல் நிறப் பகல், ஒரு கோடாக.

மழை விட்டிருந்தது.

தண்ணீர் சொட்டும் சத்தம். பிறகு, சுரங்கத்துக்குள்ளிருந்து, சகதியில் பூட்ஸ் வைத்து எடுக்கும் சத்தம். ஒருவர் அல்ல. சேர்ந்து நடந்து பழகிய ஆட்கள் நடக்கும் நடை.

அவளுக்கு ஓட வேறு வழி இல்லை. ஒரே கதவு. ஆனால் அவள் ஓட நினைக்கவும் இல்லை என்பதுதான் அவளையே நடுங்க வைத்தது. நேற்றிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எப்படியாவது வந்துடுடா. எப்படி வந்தாலும் சரி, வந்துடு. அதை எத்தனை முறை வாய்விட்டுச் சொன்னாள், எத்தனை முறை அந்தக் கார்டுக்குள் குனிந்து சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

காலடிகள் கதவருகே நின்றன.

குளிர் வந்தது. கதவின் கீழே மெல்லிய தண்ணீர்க் கோடு ஒன்று நுழைந்து, அவள் கால்விரலைத் தொட்டு, ஒதுங்கி, மறுபடி தொட்டது.

"தம்பி?" என்றாள்.

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. இரும்பு சுட்டது, அத்தனை குளிர். தாழ்ப்பாளை நீக்கினாள். கதவை இழுத்தாள்.

வெளியே யாரும் இல்லை. சகதியில் காலடிகள். சுரங்க வாயிலிருந்து வாசல்படி வரைக்கும், நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொரு தடத்திலும் கறுப்புத் தண்ணீர் நிரம்பி இன்னும் அசைந்துகொண்டிருந்தது. திரும்பிப் போன தடம் ஒன்றும் இல்லை.

நிலையில், அவள் தோளுக்குப் பக்கத்தில், முதல் பெட்டி. ஒயர் பிடுங்கிய பெட்டி. அதன் சின்னத் திரை எரிந்தது, ஆட்கள் 6 என்று. பொத்தான்களின்மேல் ஈர விரல் அடையாளங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தான், யாரும் தொடாமல், மெதுவாக உள்ளே அமுங்கியது.

ஆட்கள் 7.

அமுங்கிய பொத்தான் திரும்ப எழவே இல்லை. அதன் இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து, நிலையில் வழிந்து, அவள் கையைத் தேடி இறங்கியது.