நானூற்றுப் பத்து கிராம்

"ரெண்டும் ஒரே வீட்டு சைக்கிள்தானே?" என்று கேட்டுக்கொண்டே படகு ஊழியர் டூகல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"இல்ல!"

இரண்டு குரல்கள், ஒரே நேரத்தில். ஆனால் முடிச்சு விழுந்துவிட்டது.

ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றின் லாக்ரான்ஸா துறையிலிருந்து எதிரே இருக்கும் கின்டயர் கரைக்குப் போகும் சின்னப் படகு அது. கார்கள் நிற்க ஒரு திறந்த தளம், ஓரத்தில் ஒல்லியாக ஒரு பயணிகள் அறை, அரை மணி நேரப் பயணம். சைக்கிள்களைச் சேர்த்தே கட்டுவதுதான் டூகலின் வழக்கம். அலையில் தனியாக நிற்கும் சைக்கிள் சாய்ந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இரண்டு, மேலே சாய இடமில்லாமல் அப்படியே நிற்கும்.

ஷோனா அந்த இன்னொரு குரல் வந்த பக்கம் உடனே திரும்பவில்லை. திரும்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன? "இல்ல" என்று சொல்லும்போது கடைசியில் கொஞ்சம் கரைந்து இறங்கும் அந்தக் குரல்... ஆறு வருஷம் ஆகிறது.

திரும்பினாள்.

மழைக்கோட்டின் தொப்பிக்குள்ளே அதே கண்கள். சாம்பலும் பச்சையும் கலந்து, மே மாத மழைக்கடல் மாதிரி. இமை நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது... விழவா வேண்டாமா என்று.

"நல்லா இருக்கீங்களா?" என்றான் லாக்லன்.

நீங்களா? எப்போதிருந்து?

"இருக்கேன். நீங்க?"

டூகல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆரஞ்சு நிற மழைச்சட்டை, ஐம்பது தாண்டிய முகம், இந்தத் தளத்தில் எத்தனையோ முறைப்புகளைப் பார்த்த அனுபவம். "தெரிஞ்சவங்கதானா? அப்புறம் என்னம்மா முறுக்கு? உள்ள போய் உக்காருங்க. முடிச்ச அந்தக் கரையிலதான் அவிழ்ப்பேன்."

அறையில் அவர்கள் இருவர்தான். எதிரெதிர் பெஞ்சு. ஜன்னல் வழியே தளத்தில் நின்ற சைக்கிள்கள் தெரிந்தன.

ஒரே ஒரு ராத்திரி வெளியே தங்குவதற்காகச் சைக்கிளில் கிளம்புகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆளைப் பார்ப்பதற்கு முன் அவர் பைகளைப் படித்துவிடுவார்கள். ஷோனாவும் லாக்லனுடையதைப் படித்தாள். ஹேண்டில்பாரில் ரொட்டி அளவு ஒரு சுருள்... வாத்து இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக். அந்த இறகு நனைந்தால் பயனில்லை, அதனால் வெளியே ரப்பர் பூசிய உறை. நடுவே ஃபிரேமின் முக்கோணத்துக்குள் தண்ணீரும் கருவிகளும்; மேல்தண்டை மட்டும் அவள் வண்டியின் பை மறைத்திருந்தது. கனமானதெல்லாம் தாழ்வாக, நடுவில் இருந்தால்தான் வண்டி ஆட்டம் போடாது. சீட்டுக்குப் பின்னால் துணிமணி. மொத்தம் ஆறு கிலோவுக்குள் முடித்திருப்பான். பெய்ஸ்லியில் மருந்துக்கடை வைத்திருப்பவன். மில்லிகிராமில் வாழ்கிறவன்.

"டூத்பிரஷ்ஷ இன்னும் பாதியா அறுத்துத்தான் கொண்டுபோறீங்களா?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"பாதிக்கு மேல. ஆறு கிராம் மிச்சம்."

"பல்லு மிச்சம் இருக்கா?"

அவன் சிரித்துவிட்டான். அவளும்... சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க இன்னும் அந்தக் கம்பளி ஸ்வெட்டர..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினான். முகம் வெளுத்தது. "ஸாரி. அதக் கேட்டிருக்கக் கூடாது."

மழை ஜன்னலில் கோடு கோடாக இறங்கியது.

முதல் சந்திப்பும் ஒரு எடைக்கணக்கில்தான் தொடங்கியது. ஒன்பது வருஷத்துக்கு முன், ஜூன் மாதம், ஓர் ஏரிக்கரை. முந்நூறு கிராம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வலைக்கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டு, மேலே ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு படுத்திருந்தான் ஒருவன். ஸ்காட்லாந்தின் ஜூன் மாத ஏரிக்கரையில்! மிட்ஜ் பூச்சிகள் மேகமாக இறங்கி அவனைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்தில், யாரிடமோ இரவல் வாங்கிய நாலு பேர் கூடாரத்தின் வாசலைத் திறந்து ஒரு பெண் கத்தினாள்: "உள்ள வாங்க! இல்லேன்னா காலைல எலும்புதான் மிஞ்சும்!"

வீங்கிய முகத்தில் அந்த இரண்டு கண்கள் மட்டும் வீங்காமல் இருந்தன. அவள் விழுந்தது அங்கேதான்.

பிறகு இருவரும் சேர்ந்து ஒரு கூடாரம் வாங்கினார்கள். பச்சை நிறம். சமையலறைத் தராசில் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். துணியை எப்படியும் கசக்கி எந்தப் பைக்குள்ளும் திணிக்கலாம். தொள்ளாயிரத்து முப்பது கிராம், ஷோனாவுக்கு. கம்பிகள் நீளத்தை விட்டுத் தராது, ஃபிரேமின் மேல்தண்டோடு வைத்துத்தான் கட்ட வேண்டும். நானூற்றுப் பத்து கிராம், லாக்லனுக்கு. "கனமானது எனக்கா?" என்று அவள் சண்டை போட, "அதுக்குப் பதிலா சமையல் சாமான் பூரா நான்" என்று அவன் சமாதானம் செய்ய... அது ஒரு காலம்.

கம்பிதான் கூடாரத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. அந்தக் கம்பி என்பது அலுமினியக் குழாய்த் துண்டுகள், உள்ளே ஒரு ரப்பர் கயிறு ஓடும். ஒன்றில் ஒன்றைச் செருகி நீளமாக்கி, வளைத்து, துணியின் மூலைகளில் மாட்டுவார்கள். மாட்டியதும் கம்பி நிமிரப் பார்க்கும். துணி விடாது. கம்பி இழுப்பதால் துணி விறைக்கும், துணி பிடிப்பதால் கம்பி வளைந்தே இருக்கும். அந்த இழுபறிக்குப் பெயர்தான் கூடாரம். பிரித்துவிட்டால் இது வெறும் குச்சி, அது வெறும் மூட்டை.

பிரிந்தது இதே லாக்ரான்ஸா துறையில்தான். அக்டோபர். மலையிறக்கத்தில் ஷோனாவின் விரல்கள் விறைத்துப் பிரேக் பிடிக்க முடியவில்லை. நின்று, பையைக் குடைந்து, அறுநூற்றிருபது கிராம் கம்பளி ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த ஸ்வெட்டரை வீட்டிலேயே வை என்று அவன் நூறு தடவை சொல்லியிருந்தான். துறைக்கு வந்தபோது படகு போய் மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு அதுதான் கடைசிப் படகு.

லாக்லன் கடலைப் பார்த்தபடி சொன்னான்: "நீ இல்லாம வந்திருந்தா லேசா இருந்திருக்கும்."

அவள் சைக்கிளைத் திருப்பினாள். தீவின் மறுபக்கம் பிராடிக் துறை வரை மலையேறி மிதித்து, அங்கிருந்த கடைசிப் படகைப் பிடித்தாள். துணி அவள் பையில். கம்பி அவனிடம்.

துணி என்னிடம்தானே இருக்கிறது, வருவான் என்று அவள் இருந்தாள். கம்பி என்னிடம்தானே, கேட்பாள் என்று அவன் இருந்தான் போல. யார் முதலில் கேட்டாலும் தோற்றதாக ஆகிவிடுமே... ஒரு குளிர்காலம் போனது. இரண்டாவதும் வந்தது. அதற்குள் ஷோனா கிளாஸ்கோவில் ஓர் அறை பிடித்து, சைக்கிள் பைகள் தைத்து விற்கத் தொடங்கியிருந்தாள். ஒரு சாயங்காலம் அந்தப் பச்சைத் துணியை மேஜையில் விரித்தாள்.

கோபத்தில் செய்திருந்தால்கூட மன்னித்துக்கொள்ளலாம். ஆர்டர் நிறைய, துணி பற்றவில்லை என்று தனக்குத்தானே காரணம் சொல்லி, அளந்து, நிதானமாக வெட்டினாள். பதினொரு சின்னப் பைகள். பத்தை விற்றுவிட்டாள். ஒன்று இப்போது அவள் மடியில் இருந்தது. உள்ளே ஓட்ஸ் பிஸ்கட். பார்த்துவிடுவானோ என்று மெல்ல ஸ்வெட்டருக்கடியில் தள்ளினாள். ஆம், அதே ஸ்வெட்டர்தான்.

நடுக்கடலில் ஒரு பெரிய அலை. படகை ஒரு பக்கம் தூக்கிப் போட்டது. தளத்தில் ஏதோ உருளும் சத்தம்... டூகலின் வசவு... அறைக் கதவு திறந்தது.

"தம்பி, உன் வண்டியிலேர்ந்து விழுந்துச்சு. கடலுக்குள்ள போயிருக்கும், கால வச்சு அமுக்கிட்டேன்."

சிவப்பாக நீளமாக ஒரு துணி உறை. ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல், தையல் கோணல்மாணல். ஷோனாவுக்கு அது தெரியும். இரவல் மிஷினில் வாழ்க்கையில் முதல்முதலாக அவள் தைத்தது அது.

டூகல் குலுக்கிப் பார்த்தார். "டெண்ட் கம்பியா? டெண்ட் எங்க?"

"டெண்ட்... இல்ல."

"டெண்ட் இல்லாம கம்பி எதுக்கு தம்பி? மீன் பிடிக்கவா?"

லாக்லன் காது வரை சிவந்தான். டூகல் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "சரி சரி, எனக்கு வேலை கெடக்கு" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"எதுல தூங்குறீங்க?" ஷோனா கேட்டாள்.

"ஒரு துணிய மரத்துல கட்டி."

"கம்பி அதுக்குத் தேவையா?"

"தேவையில்ல."

"அப்ப ஏன்..."

"தெரியல ஷோனா." அவன் கைகள் உறையின் கோணல் தையலைத் தடவிக்கொண்டிருந்தன. "ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடை போடுவேன். இதையும் போடுவேன். நானூத்திப் பத்து. வெளிய எடுத்து வச்சிட்டு வாசல் வரைக்கும் போவேன்... திரும்பி வந்து கட்டிக்கிட்டுப் போவேன். மூணு நிமிஷம் உனக்காக நிக்க முடியாதவன், ஆறு வருஷமா இதச் சுமக்கிறேன். அன்னிக்கு நான் சொன்னது... சொன்ன நிமிஷமே திருப்பி எடுத்திருக்கணும். நீ அந்த மேட்டுல ஏறிப் போறது தெரிஞ்சுது. ஓடி வந்திருக்கலாம். நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

இமையில் மறுபடியும் ஒரு துளி தொங்கியது, இந்தத் தடவை விழுந்தது. மழையில்லை அது.

அவன் காப்பாற்றி வைத்திருக்கிறான். நான்? இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது. சொன்னால் அவன் முகம் என்னவாகும்?

ஸ்வெட்டருக்கடியிலிருந்து பச்சைப் பையை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

அவன் அடையாளம் கண்டுகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. ஓரத்தில், அவன் அடுப்பிலிருந்து பொறி தெறித்துச் சுட்ட ஓட்டை, நகக்கண் அளவு. அதைச் சுற்றி ஒரு சின்ன ஒட்டுத் தையல்.

"வெட்டிட்டேன் லாக்லன். பூராவும். இது மட்டும்தான் மிச்சம்."

விரலால் அந்த ஒட்டைத் தொட்டான்.

"நல்லா தைக்கிற இப்பெல்லாம்," என்றான் கடைசியில். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்...

கின்டயர் கரையின் க்ளோனிக் துறையில் படகின் இரும்புப் பலகை சரிவில் இறங்கியது. டூகல் முடிச்சை அவிழ்த்தார். "அவிழ்த்தாச்சு. இனி அவங்கவங்க பாடு."

துறைக்கு மேலே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஸ்கிப்னெஸ் போகும், அது ஷோனாவின் வழி. மற்றது தெற்கே கேம்பல்டவுன் பக்கம், அது அவன் வழி. கார்கள் ஒவ்வொன்றாகப் போய்த் தீர்ந்தன. லாக்லன் சிவப்பு உறையைத் தண்டில் கட்டப் போனவன், நின்று, அவளிடம் நீட்டினான்.

"நீயே வச்சுக்க. உறை உன்னோடதுதானே. இனி எனக்கு... சுமக்கக் காரணம் இல்ல."

வாங்கிக்கொண்டாள். நானூற்றுப் பத்து கிராம். கையைக் கீழே இழுத்தது. ஒரு தடவை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவள்தானே அவள்... இன்னொரு தடவையும் போகலாம். யார் தடுக்கப் போகிறார்கள்?

சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.

"கம்பியச் செருகு."

"எதுக்கு?"

"அளவெடுக்கணும். வெட்டினது வெட்டினதுதான், அந்த டெண்ட் திரும்பி வராது. ஆனா கம்பி இருந்தா அதுக்குத் துணி தைக்க எனக்குத் தெரியும். வளைஞ்சு நிக்கிறப்பதான் சரியான அளவு கிடைக்கும். ஒரு ஆளால முடியாது. ஒருத்தர் வளைச்சுப் பிடிக்கணும்."

"இங்கயா? இந்த மழையிலயா?"

"ஆறு வருஷமா நானும் டெண்ட் வாங்கல லாக்லன்." அவள் நாடாவைப் பிரித்தாள். "சவப்பெட்டி மாதிரி, ஒரு ஆள் மட்டும் நுழையற உறைக்குள்ள தூங்குறேன். எடை கம்மின்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். பொய். டெண்ட்டுன்னா பக்கத்துல நீ இல்லங்கிறது தெரியும். உறைக்குள்ள திரும்பிப் படுக்கக்கூட இடமில்ல... ஒண்ணும் தெரியாது. நீ லேசா போயிட்டு வந்திருப்பேன்னு நெனச்சேன். நான் போகல. ஒரு தடவகூட லேசா போகல. போதுமா? பிடி இப்ப."

அவன் உறையை வாங்கிப் பிரித்தான். துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகினான். க்ளிக்... க்ளிக்... க்ளிக். ஒரு முனையை அவன் தன் காலடியில் ஊன்ற, மறுமுனையை அவள் தன் காலடியில் ஊன்றி, நாடாவை வளைவின்மேல் வைத்தாள். கம்பி நிமிரப் பார்த்தது. இருவரும் விடவில்லை. துணியில்லாத அந்த வளைவின் ஊடாக மழை தன் பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது, ஆறு வருஷம் பெய்த மாதிரியே.

"ஆடாம பிடி."

"நான் ஆடல. உன் நாடாதான் ஆடுது."

படகு பின்னோக்கி நகரத் தொடங்கியது. தளத்திலிருந்து டூகல் வாயில் கை குவித்துக் கத்தினார்: "ஏம்மா, கூரை எங்கம்மா?"

ஷோனா நாடாவை விடாமல், நிமிராமல், கத்தினாள்:

"இனிமேதான் தைக்கணும்!"