முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச்

விக்கிரமசிங்கபுரத்தில் அந்த வீட்டு வாசலில் நானும் மெக்கானிக் தேவமணியும் போய் இறங்கியபோது காலை பதினொன்றரை. சித்திரை வெயில். வேப்பமரத்தடியில் கார் நின்றது. தை மாதம் குற்றாலலிங்கத்துக்கு நானே விற்ற பழைய கார். இப்போது அவர் உயிரோடு இல்லை. வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் மனைவி பார்வதியம்மாள் போன் செய்திருந்தார். நான் பாதி விலை சொன்னேன். சரி என்றுவிட்டார்.

பேரம் பேசாத ஆளை நான் நம்புவதில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் சூடேறினால் அதன் மின்விசிறி தானாகச் சுற்ற வேண்டும். அந்தக் காரில் சுற்றாது. சூட்டை அறிகிற சென்சார் போய்விட்டது. புதிது போடலாம் என்றான் தேவமணி. “ஒரு வயரை இழுத்து ஸ்டியரிங்குக்குக் கீழ சுவிட்ச் வையும்வே, போதும்” என்றேன் நான். டேஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுகிறவரின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாமல் வைத்தான்.

குற்றாலலிங்கத்துக்கு வண்டியை ஓட்டிக் காட்டியபோது, சீட்டு உறையைப் புகழ்ந்துகொண்டே இடது கையால் அதைப் போட்டேன். இறங்கும்போது அணைத்தேன். மனிதர் மில்லில் முப்பது வருஷம் நூலை விரலால் தடவியே பழுது சொன்னவர். கதவு, கண்ணாடி, சீட்டு எல்லாவற்றையும் தடவினார். டேஷ்போர்டுக்கு அடியில் மட்டும் தடவவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் வாங்குவாரா?

ஊருக்குள் ஓட்டியவரை ஒன்றும் ஆகவில்லை. பங்குனியில் காரையாறு மலை ஏறினார். வழியில் புகை. துண்டை வைத்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். கொதிநீர் முகத்திலும் நெஞ்சிலும் அடித்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

பார்வதியம்மாள் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார்.

“முஹ்சின் பாய், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மருமகன் அந்த சுவிட்சக் கண்டுபிடிச்சுட்டான். நீங்க சொல்லித்தான் குடுத்திருப்பீங்களாம், மாமாவுக்குத்தான் மறதியாம். ஊரெல்லாம் அப்படித்தான் பேசுது. அவரு பதினோரு நாளும், ‘எனக்கு ஒருத்தரும் சொல்லலையே பார்வதி’ன்னுதான் அனத்துனாரு. நீங்க சொன்னீங்களா, சொல்லலையா?”

தேவமணி தரையைப் பார்த்தான்.

“சொன்னேம்மா. ரெண்டு தடவ சொன்னேன்.”

இந்த ‘ரெண்டு தடவ’ யாரும் கேட்காமலே நான் போட்ட கொசுறு.

“அப்ப மறதிதான்” என்று சாவியைத் தந்தார். அழவில்லை.

சுவிட்சைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். முன்னால் மின்விசிறி இரைந்தது. அம்பாசமுத்திரம் தாண்டி ஆற்றுப் பாலம் ஏறும்போது தேவமணி சொன்னான்.

“செத்த மனுசனப் பொய்யனாக்கிட்டீரே பாய்.”

“உள்ளதச் சொன்னா ரெண்டு பேரும் கோர்ட்டு வாசல்ல நிப்போம். சும்மா வாரும்வே.”

வீரவநல்லூர்ப் பக்கம் ரயில்வே கேட் அடைத்திருந்தது. முன்னும் பின்னும் வண்டிகள். உச்சி வெயில். ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை; வெள்ளரிக்காய் விற்கிறவள் ஜன்னல் ஜன்னலாகக் கூவிக்கொண்டு போனாள்.

மின்விசிறி நின்றது.

சூடு காட்டும் முள் பைய மேலே ஏறியது. என்ஜினை அணைக்கச் சாவியைத் திருப்பினேன்.

என்ஜின் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி மருந்து வாடை வந்தது. அதன் அடியில் வேறொரு வாடை, வெந்த தோலின் வாடை.

“சுவிட்சப் பாரும்” என்றான் தேவமணி.

முழங்காலுக்குப் பக்கத்தில் கையை விட்டேன்.

சுவிட்சின் மேல் ஏற்கனவே ஒரு விரல் இருந்தது.

ஈரமாக, கொதித்துக்கொண்டு. அசையாமல் அழுத்திப் பிடித்திருந்தது. என் கை பட்டதும் அதன் தோல், சுட்ட கத்தரிக்காயின் தோல்போல வழுக்கிக் கழன்று என் விரலில் ஒட்டியது. கையை இழுக்க முடியவில்லை. அந்த விரல் பைய நகர்ந்து சுவிட்சைச் சுற்றித் தடவியது. பழுது தேடுகிற தடவல்.

முழங்காலடியிலிருந்து ஒரு குரல், வாங்க வந்த ஆளின் மரியாதையோடு, கேட்டது.

“இது எதுக்கு?”

தேவமணி கதவோடு ஒட்டிக்கொண்டு, “சொல்லும்... சொல்லிரும் பாய்” என்று முணுமுணுத்தான்.

இருபது வருஷமாக வாயால் பிழைத்தவன் நான். திக்கித் திக்கிச் சொன்னேன்.

“இது... பேன் சுவிட்ச் சார். சூடு ஏறினா போடணும். மல ஏறும்போது கண்டிப்பா போடணும். மூடிய மட்டும்... சூட்டுல திறக்கப்படாது.”

அந்த விரல் என் கையை விட்டு விலகியது.

பிறகு டக் என்று சத்தம். மின்விசிறி சுற்றியது. முள் இறங்கியது. கேட் திறந்தது.

வண்டியை ஓரங்கட்டி இறங்கி விரலைப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. நுனி மட்டும் கொப்பளித்திருந்தது.

“திரும்பிப் போயி அந்தம்மாட்டச் சொல்லிருவோம்” என்றான் தேவமணி.

“அதான் அவர்ட்டயே சொல்லியாச்சுல்லா. இனி எதுக்கு?”

சொல்லி வாய் மூடவில்லை, என் போன் அடித்தது. பார்வதியம்மாள்.

“நீங்க சொல்லலையாமே, பாய்.”

“யாரும்மா... யாரு சொன்னா?”

டம்ளர் ஒன்று தரையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், ரொம்பப் பரிவாக, என்னிடம் இல்லை, பக்கத்தில் இருந்த யாரிடமோ:

“பச்சத் தண்ணிதான். பயப்படாமக் குடிங்க.”