அத்தியடி ஈரம்

சித்திரை வெயிலில் பூங்காவின் புல்லெல்லாம் தீய்ந்து கிடக்க, அந்த அத்தி மரத்தின் அடிமண் மட்டும் ஈரமாக இருந்தது. செந்தமிழ்ச்செல்வி குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தாள். தண்ணீர் வாசனை இல்லை. இனிப்பும் புளிப்பும் கலந்த, இளஞ்சூடான ஒரு வாடை. பிரசவ வார்டுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுமே, அது.

“யாருண்ணே இங்க தண்ணி வுட்டது?”

“நான் வுடலம்மா.” ராஜாங்கம் குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். திருக்கோவிலூர்க்காரர், பூங்காவில் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். “நாலு நாளா மோட்டாரே ஓடல. உங்க ஊரு மரம், நீயே கேளு.”

அவள் ஊர் மரம்தான். கல்வராயன் மலைக்கு ரோடு போட வந்தபோது ஓடையோரம் நின்ற இதை வெட்டப் பார்த்தார்கள். சென்னையில் புதிதாகத் திறந்த இந்தப் பூங்காவில் அவளுக்கு அப்போதுதான் மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. வெட்டாதீங்க, பெயர்த்துக் கொண்டுவாங்க என்று மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டவள் அவள்தான். வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் சாக்கில் கட்டி டிரெய்லரில் ஏற்றிவந்து இங்கே நட்டார்கள். ‘கல்வராயன் அத்தி’ என்று பலகை வைத்தார்கள். ஜனம் அதன்முன் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறது. அந்த மலையில் மனுசர்களும் இருக்கிறார்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

அத்திக்குப் பால் வடியும். காயைக் கிள்ளினாலே வடியும். குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் படி மிதித்தவள், அதுவும் தாவரவியல். இந்த விளக்கத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மரப்பால் விரலில் பிசுபிசுக்கும். இது பிசுபிசுக்கவில்லை.

அந்த வாரம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கைக்குழந்தைக்காரிகள் அந்த நிழலில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பதறி எழுந்துவிடுகிறார்கள். துப்பட்டாவை மாரோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு கழிவறைப் பக்கம் ஓடுகிறார்கள். ஒருத்தி அவளிடமே வந்து கூச்சத்தோடு கேட்டாள். “சிஸ்டர், ஒரு பின்னு இருக்குமா? புள்ளைக்குப் பால் நிறுத்தியே ஆறு மாசம் ஆச்சு. இன்னான்னே தெரியல, இப்புடிக் கொட்டுது.”

ராஜாங்கம் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். “பேசாம இங்கயே ஒரு பால் பூத்து தொறந்துடலாம்மா.”

செல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை அக்கா அம்சவள்ளி ஊரிலிருந்து வந்தாள், மூன்று மாதப் பிள்ளையைச் சென்னை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு. இவன் இரண்டாவது. மூத்தவன் பிறந்த அன்றைக்கே போய்விட்டான், மலையிறங்க ரோடு இல்லாமல், பாதி வழியில். செல்விக்குப் போனில் ஒரே வரி சொன்னார்கள். அதற்குமேல் கல்யாணமாகாத பெண்ணிடம் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். இவனும் தேறவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் துணிமூட்டையாட்டம் தோளில் கிடந்தான்.

“எடை ஏறலன்னா பொழைக்கறது கஷ்டம்ன்றாங்கடி,” என்றாள் அக்கா. “பால் சுரக்காம இல்ல செல்வி. மாரு கனக்குது. இவன் வாய் வெக்கறதுக்குள்ள காலியாயிடுது. யாரோ முன்னாடியே குடிச்சிட்டுப் போன மாதிரி.”

செல்வி மரத்தைவிட்டு விலகிப் போகும் பாதையில் திரும்பினாள். “வாக்கா. கேன்டீன்ல உக்காரலாம்.”

அக்கா நின்றுவிட்டாள். பலகையை அவள் படிக்கவில்லை. மரத்தைத்தான் பார்த்தாள்.

“இது நம்ம ஓடையோர மரமாச்சே.”

“ஆமா. வா, போலாம்.”

“இதுக்கு அடியிலதான்டி பெரியவனப் படுக்க வெச்சோம்.”

பூங்கா மூடும் விசில் எங்கோ நீளமாக ஒலித்தது. குழந்தைகளின் ரயில் நின்றது. வெயில் மங்கி, நிழல்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருந்தன.

“இன்னாக்கா சொல்ற?”

“தெனம் அந்த மண்ணுல பீச்சி ஊத்துனேன். பால் வத்தற வரைக்கும் ஊத்தணும், இல்லன்னா புள்ள தேடும். வத்தறதுக்குள்ள கிரேன் வந்துடிச்சி. உங்க மாமா சொல்லிடலாம்னாரு. நீதான் எழுதிப் போட்டேன்னு ஊரே பெருமையா பேசிச்சி. உன் வேலைக்கு எதனா ஆயிடுமோன்னு வாய மூடிக்கினோம்.”

அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருக்கலாம் என்று செல்விக்குத் தோன்றியது.

அக்காவின் ரவிக்கையில் ஈரம் வட்டமாகப் பரவியது. அந்த வாடை. மண்ணிலிருந்து வந்த அதே வாடை.

“வந்துடிச்சிடி.” அக்காவின் முகம் மலர்ந்தது. “இவனக் கொஞ்சம் புடி.”

செல்வி வாங்கிக்கொண்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்ப வாங்குவாள் என்று நினைத்தாள். அக்கா வேரின்மேல் உட்கார்ந்தாள். மரத்தின் பக்கம் திரும்பினாள். முந்தானையை இழுத்து மூடினாள்.

கையை நீட்டவில்லை.

ரோட்டுச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. இலை அசையவில்லை. அப்புறம் அந்தச் சத்தம். சப்புகிற சத்தம். விழுங்குகிற சத்தம். நடுவில் குட்டி மூச்சு.

செல்வி குனிந்து பார்த்தாள். அவள் கையில் இருந்தவனின் வாய் திறந்திருந்தது. காய்ந்திருந்தது.

“அக்கா. எழுந்திரு.”

“இரு.”

“உன் புள்ள என் கைல இருக்கான்க்கா.”

“தெரியும்.” அக்கா திரும்பவில்லை. “குடிச்சிக்கினு இருக்கான்டி. பாதியில புடுங்கக் கூடாது.”

செல்வி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. மரத்தை இழுப்பது போல இருந்தது. மறுபடி இழுத்தாள்.

முந்தானை விலகியது. கொஞ்சம்தான்.

ஒரு பாதம். உள்ளங்கை அளவு. மண் அப்பிய, மரப்பட்டை நிறப் பாதம். வயிறு நிறைகிற சுகத்தில் அதன் விரல்கள் விரிந்தன. மடங்கின. மறுபடி விரிந்தன.

செல்வியின் கையில் இருந்த பாதம் அசையவே இல்லை.