சிவந்த துவாலை

மாப்பிள்ளை குடிப்பாரா, வேறு ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் வைத்திருக்கிறாரா என்று விசாரித்துச் சொல்வதுதான் ஏலவார்குழலியின் தொழில். அன்று காலை அவள் ஆபீசுக்கு வந்த சத்யப்ரியா மாப்பிள்ளையைப் பற்றிப் பேசவேயில்லை. உதவியாளன் ஆனந்தகுமாருக்குக் கால் தரையில் பாவவில்லை. நிஜமான கேசு ஒன்று வரும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பையில் பூதக்கண்ணாடியோடு காத்திருப்பவன் அவன்.

“கோட்டு காணோம் மேடம். சாயந்திரம் ஃபேஷன் ஷோ. அது இல்லேன்னா ஷோவே இல்ல.”

சத்யப்ரியா உடை வடிவமைப்பாளர். மார்லீன் என்ற ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியரின் படங்களைக் காஞ்சிப் பட்டில் இறக்கிப் பாவாடை, சட்டை, புடவை என்று ஒரு வரிசையே செய்திருந்தாள். அதன் மகுடம்தான் அந்த நீளக் கோட்டு.

“பாக்கறதுக்கு வெறும் புள்ளிதான் மேடம். ஆனா அவங்க ஊர்ச் சுனை, அதத் தேடிப் போன பொம்பளைங்க கால்தடம் எல்லாம் அதுல இருக்குது. அவங்க குடும்பத்துக்குச் சொந்தமான கதை. கேட்டுக் கேட்டு அனுமதி வாங்கினேன். ஒரே கண்டிஷன். அவங்க போட்டதுக்கு மேல ஒரு புள்ளி கூடக்கூடாது. மீறினா எல்லாத்தையும் திருப்பிக் கேப்பாங்க. இன்னைக்கு நேர்ல பாக்க வர்றாங்க.”

ஷோ நடக்கவிருந்த மயில்வாகனம் பட்டு மாளிகையின் வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு கங்காரு. பக்கத்தில் கங்காருவைவிட இரண்டு மடங்கு பெரிதாக முதலாளி மயில்வாகனம். கீழே ‘பண்பாட்டுத் தூதர்’ என்ற பட்டம். கொடுத்தவர் பெயர் இல்லை. அழைப்பிதழில், ‘முழுக்கப் பன்னாட்டுத் தரம். பூசை, சடங்கு எதுவும் இடம்பெறாது’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

மாடி அறையில் கோட்டு மாட்டியிருந்த பொம்மை வெறுமனே நின்றது. பூட்டு உடையவில்லை. சாவி சத்யப்ரியா, டெய்லர் முனிசாமி, மயில்வாகனம் மூவரிடமும் உண்டு. மூலையிலிருந்த வாஷ்பேசினில் சோப்பு இன்னும் ஈரமாயிருந்தது. அதன் அடியில் சுருட்டிப் போட்ட துவாலையை ஆனந்தகுமார் விரித்தான். நடுவே திட்டுத் திட்டாகச் சிவப்பு.

“ரத்தம் மேடம்! கொல நடந்திருக்குது!”

“யாருப்பா செத்தது? கோட்டா?” என்ற ஏலவார்குழலி துவாலையை முகர்ந்து பார்த்துவிட்டு அவன் கையிலேயே கொடுத்தாள். “பத்திரமா வெச்சுக்கோ.”

கீழே மயில்வாகனம் தன் அறையைப் பூட்டிவிட்டு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் மோதிர விரல் நகக்கண்ணில் மஞ்சள் ஏறியிருப்பதை ஆனந்தகுமார் கவனித்தான். ‘இட்லி சாம்பார். கையைச் சரியாகக் கழுவாதவர்’ என்று மனதில் குறித்துக்கொண்டான்.

“இது சர்வதேசச் சதி மேடம்!” என்றார் மயில்வாகனம்.

“உள்ள உக்காந்து பேசலாமே சார்?”

“ஏசி ரிப்பேரு. உள்ள உக்கார முடியாது.”

பூட்டிய கதவுக்குப் பின்னால் மின்விசிறி கடகடவென்று சுற்றும் சத்தம் கேட்டது. ஏலவார்குழலி எல்லோரையும் அங்கேயே கூப்பிடச் சொன்னாள்.

முனிசாமி கழுத்தில் டேப்போடு வந்தார். “எனக்கு எதுக்குமா கோட்டு? நம்மூரு வெயில்ல அத்தப் போட்டுக்கினு போனா நாய் தொரத்தும்.”

கோட்டை அணியவிருந்த மாடல் துர்காவுக்குக் கோபம். “கை நீளமா இருக்குதுன்னுதான் சொன்னேன். அதுக்காகத் திருடுவாங்களா?”

“ஒரே ஒரு கேள்வி,” என்றாள் ஏலவார்குழலி. “துணியில மஞ்சள் பட்டுட்டா எப்படி எடுப்பீங்க?”

ஆனந்தகுமார் தவித்துப்போனான். கொலைக் கேசில் சலவைக் கேள்வியா?

“எலுமிச்சம்பழம் தேச்சு வெயில்ல போடணும்,” என்றார் முனிசாமி.

“வெயிலே போதும். சோப்பு மட்டும் படக்கூடாது. செக்கச்செவேல்னு ஆயிடும்,” என்றாள் துர்கா. சாயத்தொழில் படித்த சத்யப்ரியாவும் தலையாட்டினாள்.

மயில்வாகனம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எனக்கு எப்படிம்மா தெரியும்? என் கர்ச்சீப்பக் கூட நான் தோய்ச்சதில்ல.”

“உங்களுக்குத் தெரியாதுன்னு தெரியும் சார். அந்த டவலே சொல்லுது,” என்றாள் ஏலவார்குழலி. “அது ரத்தம் இல்ல. மஞ்சள் வாசன. மஞ்சள் மேல சோப்பு போட்டிருக்காங்க. துணி தோய்ச்ச கை எதுவும் அந்தத் தப்பப் பண்ணாது. சாவி வெச்சிருக்கறவங்கள்ல துணி தோய்க்காத கை ஒண்ணுதான். அந்த விரல்ல இன்னும் மஞ்சள் இருக்குது. அப்புறம் ஒரு சந்தேகம். பூட்டின ரூம்ல யாருக்கு சார் ஃபேன் சுத்துது?”

மயில்வாகனம் சாவியை நீட்டினார்.

உள்ளே, திரைச்சீலைக் கம்பியில் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. உள்துணியின் மூலையில் உள்ளங்கை அகலச் சிவப்பு. மேசையில், கம்ப்யூட்டருக்குப் பின்னால் அருகம்புல் செருகிய ஒரு மஞ்சள் பிள்ளையார். விலாவில் நகம் கிள்ளிய பள்ளம்.

“எங்க தறியிலேர்ந்து எறங்கின பட்டு எதுவும் மஞ்சள் வெக்காம ஒருத்தர் உடம்புல ஏறினதில்ல மேடம்,” என்றார் மயில்வாகனம். தூதரின் குரல் காணாமல் போய், வீட்டுக் குரல் வந்திருந்தது. “மனசு கேக்கல. யாருக்கும் தெரியாம உள்பக்கமா ஒரே ஒரு புள்ளி வெச்சேன். வெச்சப்புறம்தான் அந்தம்மாவோட கண்டிஷன் ஞாபகம் வந்துச்சு. கழுவினேன். ரத்தமா மாறிடுச்சு.”

திட்டுவதற்கு சத்யப்ரியாவுக்கு நேரமில்லை. முனிசாமி எலுமிச்சம்பழம் தேய்த்ததும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. மற்ற இடத்தில் வெயில் படாமல் மூடி, மூலையை மட்டும் மொட்டைமாடியில் காயவைத்தார்கள். காஞ்சிபுரத்து வெயில் தன் கடமையைச் செய்தது. சாயந்திரம் மிஞ்சியது, தேடினால் தெரிகிற ஒரு சாயல்.

மார்லீன் தேடினார். கோட்டைப் புரட்டி, மூலையில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். சத்யப்ரியா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

மார்லீன் சிரித்தார். “என் படம் வெளியே இருக்கிறது. அதை யாரும் தொடவில்லை. இது உங்கள் வழக்கம், உங்கள் பக்கத்தில் இருக்கிறது. இதை ஏன் கழுவினீர்கள்? வைத்தவர் யார்?”

அதுவரை தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மயில்வாகனம், அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு நேராக மைக்குக்குப் போனார்.

“இரு கண்டங்களை இணைக்கும் அந்த ஒற்றைப் புள்ளியை, நெடிய சிந்தனைக்குப் பிறகு அடியேன்தான்...”

“மேடம், இப்பவாவது பிடிக்கலாமா?” என்று பல்லைக் கடித்தான் ஆனந்தகுமார்.

“விடுப்பா, மனுஷன் பேசட்டும். விளக்கு வெளிச்சத்துல எப்படி வேர்க்குது பாரு. பைல இருக்கற டவலக் கொண்டுபோய்க் குடு.”

ஆனந்தகுமார் மேடையேறிப் பணிவாகத் துவாலையை நீட்டினான். மயில்வாகனம் அதை வாங்கினார், விரித்தார், பார்த்தார்.

உரை அத்துடன் முடிந்தது. துர்கா கோட்டுடன் நடந்து வந்தாள்.