நைனாவுக்குத் துருவா?

எழில்மொழிக்கு முதல் சந்தேகம் அந்த டையின் மேல்தான். எர்ணாவூர் வெயிலில், வீடு வீடாக மாத்திரை விற்க வந்தவருக்கு எதற்கு டை?

"உடம்பும் இரும்பு மாதிரிதான் சார். உள்ளுக்குள்ள துருப்பிடிச்சிட்டே இருக்கும்," என்றார் டை கட்டிய சுயம்பு. "இது ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரை. துருவை அப்படியே நிறுத்திடும்!"

எழிலின் நைனா ஜெயவேல் ஜன்னல் கம்பியைப் பார்த்தார். பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் உரிந்து, கடற்காற்றில் துரு பொரிந்திருந்தது. துறைமுகத்தில் கன்டெய்னர் கதவுகளோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். துரு என்றாலே அவருக்குப் பயம்.

"கரீக்டா சொல்றாரு பாரு," என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு மூச்சு இளைத்தது. நைனாவுக்கு வீசிங்.

சுயம்பு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஏதோ பழுப்பு மருந்தைச் சொட்டினார். தண்ணீர் டீ நிறமானது.

"எண்ணூர் ஆலைப் புகை குடிச்ச உங்க நுரையீரல் இதுதான் சார்."

மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினார். நிறம் போயே போச்சு!

"அடேங்கப்பா!" என்றாள் அம்மா.

"இனிமே பஃப் எல்லாம் வேணாம் சார்."

மூச்சு இளைத்தால் வாயில் வைத்து உறிஞ்ச டாக்டர் கொடுத்த பஃபை நைனா அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார். எழில் அலமாரியையே அண்ணாந்து பார்த்தாள். ஒருமுறை பஃப் தீர்ந்துபோய் நைனா மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்து அவள் அழுதிருக்கிறாள்.

பழுப்பு மருந்துக் குப்பியை மெல்ல முகர்ந்தாள். முட்டி சிராய்த்தால் அம்மா போடும் மருந்தின் வாசனை!

சமையலறைக்கு ஓடினாள். தண்ணீரில் காயத்து மருந்தைச் சொட்டினாள். அதே டீ நிறம். மாத்திரை டப்பாவில் எலுமிச்சம்பழப் படம் இருந்தது நினைவுக்கு வர, பாதி எலுமிச்சையைப் பிழிந்தாள். இங்கேயும் நிறம் போயே போச்சு!

"நைனா, இத்த பாரு! எலுமிச்சம்பழமே இந்த வேலைய செய்யுது!"

சுயம்பு சிரித்தார். "அந்தச் சத்துதான் பாப்பா மாத்திரையிலயும் இருக்கு."

"அப்போ நைனாவுக்கு ஏன் வீசிங் போகல? டெய்லி லெமன் ஜூஸ் குடிச்சிகினுதானே கீறாரு?"

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா எலுமிச்சையைப் பார்த்தார்.

"எங்க மாமனாருக்கே இதுலதான் சரியாச்சு," என்றார் சுயம்பு. குரல் இறங்கியிருந்தது.

"அவரு பஃப் எடுக்கலியாண்ணா?"

"அதுவும்... எடுத்தாரு."

"அப்போ எதுல சரியாச்சுன்னு எப்டி தெரியும்? ஸ்கூல்ல பயறு மொளைக்க வெச்சப்போ தண்ணி ஊத்துன கிண்ணம், ஊத்தாத கிண்ணம், ரெண்டையும் வெச்சுப் பாத்தோம். அத்த மாதிரி, வீசிங் கீற நெறைய பேருல பாதிப் பேருக்கு மட்டும் மாத்திரை குடுத்துப் பாத்தாங்களா?"

சுயம்பு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டையைத் தளர்த்தினார். "தெரியல பாப்பா. கம்பெனில டம்ளரைத்தான் காட்டச் சொன்னாங்க."

"டம்ளருக்கு வீசிங் கெடையாதேண்ணா!"

நைனாவுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. நாற்காலியில் ஏறி, பஃபை எடுத்துத் துடைத்தார். "டாக்டரு சொல்ற வரிக்கும் இத்த வுடமாட்டேன் எழிலு. போதுமா?"

எழிலுக்கு அப்போதுதான் உயிரே வந்தது.

வியர்த்து வழிந்த சுயம்புவைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. மீதி எலுமிச்சையைப் பிழிந்து, தண்ணீரும் சர்க்கரையும் கலந்து டம்ளரில் நீட்டினாள்.

இப்போது சந்தேகம் சுயம்புவுக்கு. டம்ளரை உற்று உற்றுப் பார்த்தார்.

"பயப்படாம குடிங்கண்ணா, இது வேற டம்ளரு," என்றாள் எழில். "நுரையீரலுக்கு இல்ல, வெயிலுக்கு!"