முன்சீட்டில் பாய்ந்த குண்டு

"என் ஆளை விடு, லோவல்," என்று ஷெரீப் அலுவலகத்துக்குள் நுழைந்தார் மெரிட் ஹாகன். சட்டைக் காலரில் இன்னும் கண்ணாடித் தூள் ஒட்டியிருந்தது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு, மொராக்கோவுக்குத் தூதராகப் போன மனிதர். விடுமுறையில் ஊருக்கு வந்தவருக்குக் கிடைத்த வரவேற்பு, தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. விருந்து முடிந்து கிளம்பியபோது காரின் முன் ஜன்னலில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டில் ஆளில்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. ஊரே வெலவெலத்துப் போயிருந்தது, நம் ஊரிலா என்று.

"பின்சீட்லேர்ந்து இறங்கினேன்னு காலையில எல்லாரும் என்னை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினாங்க. கடைசியில அதுதான் என்னைக் காப்பாத்திச்சு," என்றார் மெரிட்.

கம்பிக்குப் பின்னால் அவருடைய மொராக்கோ உதவியாளன் இத்ரீஸ் நின்றிருந்தான். வெடிச் சத்தம் கேட்டபோது தனியாகப் புகைக்கப் போயிருந்தான், சாட்சி கிடையாது. மத்தியானம் மத்திய அரசு ஆட்கள் கொண்டுபோய்விட்டால் அவன் கதை அவ்வளவுதான்.

"இத்ரீஸ், உங்க ஐயா கார்ல எங்க உட்காருவார்?" என்றார் ஷெரீப் லோவல்.

"பின்னாடி, வலது பக்கம். தூதர் வேற எங்க சார் உட்காருவார்?"

"கார் கண்ணாடி கறுப்பு சார், உள்ள யாருன்னு தெரியாது," என்றாள் துணை அதிகாரி கென்ட்ரா.

"அப்போ சுட்டவன் அவர் முன்னாடி இருப்பார்ங்கிற நினைப்பை நம்பித்தான் சுட்டிருக்கான். இவனா இருந்தா பின் ஜன்னலைச் சுட்டிருப்பான்."

"உள்ளூர் ஆளா? ஊரே விருந்துலதானே சார் இருந்தது?"

லோவல் வாசலை எட்டிப் பார்த்தார். 'வெளிநாட்டானைத் தூக்கில் போடு' என்று வாசலில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த ஆர்வில் டென்பியை உள்ளே கூப்பிட்டார். பழைய தேர்தல்களில் மெரிட்டுக்கு வண்டி ஓட்டியவர் அவர்.

"விருந்துக்கு வந்தியா, ஆர்வில்?"

"வராமலா? மெரிட் வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னேனே."

"அவர் கார்லேர்ந்து இறங்கினதைப் பார்த்தியா?"

"பார்த்தேனே. டிரைவருக்குப் பக்கத்து சீட்லேர்ந்துதான் இறங்கினான். பின்னாடி உட்கார்ந்தா ஓட்டு விழாதும்பானே."

கென்ட்ரா குறுக்கிட்டாள். "பின் கதவைத் திறந்து இறங்கினவரை, ராஜா வந்துட்டார்னு ஊரே கேலி பண்ணிச்சே. வந்திருந்தா உங்களுக்குத் தெரியாதா?"

"வரலை, அதான் தெரியலை," என்றார் லோவல் அமைதியாக. "துப்பாக்கியோட எங்கேயோ காத்திருந்த, ஆர்வில்."

ஆர்வில் ஷெரீபைப் பார்க்கவே இல்லை. "பின்னாடியா உட்கார்ந்திருந்த?" என்று மெரிட்டைக் கேட்டார். "நீ தூதரா போனா உன் சட்டமன்றப் பதவி எனக்குன்னு சொன்ன. கவர்னர்கிட்ட உன் மருமகன் பேரைக் கொடுத்துட்டுப் போன."

மெரிட் ஆர்விலை நெருங்கினார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்க எத்தனை தடவை போன் பண்ணேன்! தூதருக்கு நேரமில்லைன்னே ஒருத்தன் சொல்லிக்கிட்டிருந்தான்."

லோவல் பூட்டைத் திறந்தார். இத்ரீஸ் வெளியே வந்து மெரிட்டின் எதிரில் நின்றான்.

"ஆர்வில்னு யார் கூப்பிட்டாலும் அப்படிச் சொல்லச் சொன்னது நீங்கதான் சார்," என்றான்.